உப்பில் உறங்கும் உயிர்

‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது’ என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் மூதுரை. கடுகினும் பல மடங்கு சிறியதோர் உயிரின் வரலாற்றை இப்போது காண்போம். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே உள்ள பழுப்பு நிறத் துகள் அது. உள்ளங்கையில் இட்டுப் பார்த்தால் மூக்குப்பொடி என்றே தோன்றும். ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 2 இலட்சம் முதல் 3 இலட்சம் துகள்கள் அடங்கும். ஆண்டுக் கணக்காகப் புட்டியில் அடைத்து வைத்திருந்தாலும் அவற்றில் அசைவு இராது. உப்புக் கலந்த நீரில் இட்டு ஒரு நாள் காத்திருந்தாலோ, துகளின் ஓடு பிளக்கும். உள்ளிருந்து ஓர் உயிர் வெளிப்பட்டுத் துடிப்புடன் நீந்தும்.

இவ்வுயிருக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஆர்ட்டீமியா. உவர்நீர் இறால் என்று நாம் தமிழில் கூறலாம். ‘சீ மங்கி’, அதாவது கடற்குரங்கு, என்னும் வாணிகப் பெயருடன் பெட்டிகளில் அடைபட்டு உலகெங்கும் சிறுவர் கைகளுக்குச் சென்றதும் இதுவேயாகும். தாயகம் விட்டு வெளி மாநில நகரங்களில் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் ஆடு மாடு வளர்த்தல் இயலாது. பிள்ளைகள் வளர்ப்புப் பிராணி வேண்டுமென்று கேட்கும்போது, ஒரு கண்ணாடிக் குவளையில் அடங்கும் உயிரைத்தான் நம்மால் வாங்கித் தர முடிகிறது. ஆகவே இவ்வுயிர் எங்கிருந்து வந்தது, இதனை விளையாட்டுப் பொருளாக்கியவர் யார், அவர் சொன்னவற்றுள் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

முதலில் இதன் உருவத்தையும் இருப்பிடத்தையும் பார்ப்போம். முழு வளர்ச்சி பெற்ற உவர்நீர் இறால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது. உடல் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. பதினோரு இணைக் கால்களைத் துடுப்புகளாக அசைத்து நீந்தும். அக்கால்களாலேயே உணவைத் திரட்டும். அவற்றின் வழியாகவே மூச்சும் விடும். பெரும்பாலும் மல்லாந்த நிலையில், வயிற்றுப் புறம் ஒளியை நோக்கியிருக்க நீந்துவது இதன் இயல்பு.

தன்னைக் காத்துக்கொள்ள இதற்குக் கொடுக்கும் இல்லை, கெட்டியான ஓடும் இல்லை. எந்த மீன் கண்டாலும் விழுங்கிவிடும். ஆதலால் மீன் வாழ இயலாத நீரையே இது தன் புகலிடமாகக் கொண்டது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதைப் போல் ஏழு மடங்கு உப்பு ஏறிய நீரிலும் உவர்நீர் இறால் உயிர் வாழ வல்லது. உப்பேரிகளும் உப்பளங்களின் நீர்த்தேக்கங்களுமே இதன் தாயகம். உப்பு மிகுந்து நீரில் பிராணவாயு குறையும்போது இதன் உடலில் ஹீமோகுளோபின் பெருகிச் செந்நிறம் படரும்.

இத்தகைய உயிரை முதலில் அறிந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். உப்போடு வாழ்ந்த எளிய மக்களே. ஈரான் நாட்டு உர்மியா ஏரியில் வாழும் இவ்வுயிரைப் பற்றிய குறிப்பு, 982ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாரசீக நிலநூல் ஒன்றில் காணப்படுவதாக ஆய்வாளர் சுட்டுகின்றனர். ஆப்பிரிக்காவில், லிபியாவின் பெஸ்ஸான் பாலைவனத்து உப்பேரிக் கரைகளில் வாழ்ந்த தவாதா மக்கள் இவற்றை வலையிட்டு வாரி உணவாகவே உண்டு வந்தனர்.

ஐரோப்பாவில் இதன் வரலாறு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்டன் என்னும் ஊரில் தொடங்குகிறது. அங்கே கடல்நீரைத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் செறிவேற்றி, பின்னர்க் காய்ச்சி உப்பு எடுத்தனர். அந்நீரில் எண்ணற்ற சிறு பூச்சிகள் நீந்துவதை உப்பளத்தார் கண்டனர். அவை மிகுந்தால் நீர் தெளியும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை வெறும் கற்பனையன்று. நீரிலுள்ள நுண்பாசியை உவர்நீர் இறால் உண்டு தீர்ப்பதால் நீர் தெளிந்து உப்பின் தரம் உயர்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி உறுதி செய்துள்ளது. லிமிங்டனில் கிடைத்த உயிர்களை ஆராய்ந்து ஷ்லாசர் என்பவர் வரைந்த படங்கள் 1756இல் வெளியாயின. 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தமது உயிரினப் பட்டியலில் இதற்கு இடம் தந்தார். 1819இல் ஆங்கில அறிஞர் லீச் ஆர்ட்டீமியா என்னும் பேரினப் பெயரை வழங்கினார்.

லிமிங்டனின் கடைசி உப்பளம் 1865இல் மூடப்பட்டது. உப்பு நீர் இல்லாமற் போகவே, அதனுள் வாழ்ந்த உயிரும் அங்கே அழிந்தது. விஞ்ஞான உலகிற்கு இவ்வுயிரை அறிமுகம் செய்த ஊரிலேயே அஃது இன்று இல்லை. இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி, இவ்வுயிரின் உறக்கம் பற்றிப் பேசுவோம். நீர் நல்ல நிலையில் உள்ளவரை தாய் இறால் குஞ்சுகளையே ஈனும். நீர் வற்றி உப்பு ஏறி, வாழ்வு கடினமாகும் காலம் வந்ததும் அதன் கருக்கள் கெட்டியான ஓட்டினுள் அடங்கிய முட்டைகளாக வெளியேறுகின்றன. அவை மிதந்து கரையொதுங்கிக் காய்ந்து போகின்றன. காய்ந்தும் சாவதில்லை. பின்னொரு நாள் மழை பெய்து நீரின் உப்பு தணியும்போது விழித்தெழுகின்றன.

உலர்ந்த உயிர் மீண்டெழும் இவ்வற்புதத்தை வேறோர் உயிரில் முதன்முதலாகக் கண்டவர் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக். டெல்ஃப்ட் நகரில் தம் வீட்டுக் கூரையின் நீர்த்தாரையில் படிந்திருந்த உலர்ந்த தூசியை எடுத்து, அதில் நீர் விட்டுத் தம் உருப்பெருக்கியின் வழியே 1702இல் அவர் நோக்கினார். சிறிது நேரத்தில் நுண்ணிய சக்கர உயிரிகள் அதில் நீந்தக் கண்டார். உயிர் முற்றிலும் நின்று மீண்டும் தொடங்க இயலுமா என்னும் வினா அன்று எழுந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அறிஞர்கள் அதுபற்றி வாதிட்டனர். 1959இல் டேவிட் கெய்லின் என்னும் அறிஞர் இந்நிலைக்கு ‘கிரிப்டோபயோசிஸ்’ என்று பெயரிட்டார். மறைந்த வாழ்வு என்பது அதன் பொருள். உவர்நீர் இறாலின் முட்டையில் டிரிஹலோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை மிகுதியாக உள்ளது என்பதை 1960களில் ஜேம்ஸ் கிளெக் முதலியோரின் ஆராய்ச்சி வெளிப்படுத்தியது. நீர் நீங்கும்போது கருவின் நுண்ணுறுப்புகள் சிதையாதவாறு அச்சர்க்கரை அவற்றைத் தாங்கி நிற்கிறது. வெல்லப் பாகில் இட்ட பண்டம் கெடாதிருப்பதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். அது வேறு, இது வேறு எனினும், சர்க்கரை ஒரு காவற்பொருளாக அமையக்கூடும் என்பது நமக்கு வியப்பன்று.

இவ்வுறக்கமே வணிகர்களின் கவனத்தை ஈர்த்தது. உயிருள்ள உணவை அலமாரியில் அடுக்கி வைக்கலாம். வேண்டும்போது நீரிலிட்டு எழுப்பலாம். மீன் வளர்ப்போருக்கு இதனினும் வசதி வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் ஆல்வின் சீல் 1933இலும், நார்வே நாட்டில் ரோலெஃப்சன் 1939இலும், இப்போது பொரித்த உவர்நீர் இறாற் குஞ்சுகள் இளமீன்களுக்குச் சிறந்த உணவாகும் என்பதை எடுத்துக்காட்டினர். 1950களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் உப்பளங்களிலிருந்தும் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியிலிருந்தும் முட்டைகளை வாரி விற்கும் தொழில் வளர்ந்தது.

அவ்வேளையில்தான் ஹெரால்டு வான் பிரவுன்ஹட் என்னும் அமெரிக்கர் இக்கதையில் தோன்றுகிறார். தபால் மூலம் விந்தைப் பொருள்களை விற்பது அவர் தொழில். கண்ணாடிச் சட்டங்களுக்கிடையே எறும்புகளை வளர்க்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்று 1956இல் அமெரிக்காவில் வெளிவந்து நன்கு விற்றது. அதனைக் கண்ட அவர், மீனுக்கு இரையாக விற்கப்பட்ட உவர்நீர் இறாலையே சிறுவருக்கு வளர்ப்புப் பிராணியாக விற்கக் கருதினார். 1960இல் ‘உடனடி உயிர்’ என்னும் பொருள்படும் பெயருடன் 49 செண்டு விலையில் அதை விற்கலானார். 1962இல் பெயர் மாறிற்று. வால் குரங்கின் வாலை ஒத்திருப்பதாகக் கூறி ‘கடற்குரங்கு’ என்று பெயர் சூட்டினார்.

சிறுவர் படிக்கும் சித்திரக்கதை இதழ்களின் பக்கங்களில் விளம்பரங்கள் வெளிவந்தன. ஜோ ஆர்லாண்டோ என்னும் ஓவியர் வரைந்த அப்படங்களில், தலையில் முடி தரித்த தந்தையும் தாயும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் கடலடியில் மாளிகை முன் நின்று புன்னகை புரிந்தது. மனித முகம், தொந்தி வயிறு, நீண்ட வால்! படத்தை நம்பிக் காசு அனுப்பிய சிறுவன் குவளைக்குள் கண்டதோ, கண்ணை இடுக்கி நோக்கினாலன்றிப் புலப்படாத வெண்புள்ளிகள். ஏமாற்றத்தால் வாடிய பிள்ளைகள் பலர். அப்புள்ளிகளையே நாள்தோறும் நோக்கியிருந்து உயிர் நூலில் ஆர்வம் கொண்டோரும் உண்டு.

விற்பனையில் மற்றோர் உபாயமும் இருந்தது. பெட்டியில் பொட்டலங்கள் இருக்கும். முதற் பொட்டலம் நீரைத் தூய்மை செய்வதற்கு என்று அச்சிட்டிருக்கும். அதை நீரிலிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மறுநாள், முட்டை என்று எழுதிய இரண்டாம் பொட்டலத்தைக் கொட்ட வேண்டும். கொட்டிய கணமே குஞ்சுகள் நீந்தும்! உண்மையில் முதற் பொட்டலத்திலேயே உப்போடு முட்டைகளும் கலந்திருந்தன. அவை அந்த ஒரு நாளில் பொரித்துவிடும். இரண்டாம் பொட்டலத்திலிருந்த சாயம், நீரில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகளைக் கண்ணுக்குத் தெளிவாக்கும். இம்முறைக்கு அமெரிக்க அரசு 1972ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் காப்புரிமையும் வழங்கியது.

இவற்றையெல்லாம் வெறும் ஏமாற்று வித்தை என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்குவது முறையன்று. அந்தோணி டகஸ்டினோ என்னும் கடல் உயிர் அறிஞரின் துணையோடு, சிறு குவளையில் நீண்ட நாள் வாழவல்ல கலப்பினம் ஒன்றை உருவாக்கவும் அவர்கள் உழைத்தனர். உலர்ந்த பொடியை வீட்டுக் குழாய்நீரில் இட்டு உயிர்ப்பிக்கும் முறையை அமைத்தது எளிய செயல் அன்று. ஆயினும் நாம் கருத வேண்டியது வேறொன்று. ஒரு நாளில் உயிர்த்தெழும் முட்டையை ஒரு நொடியில் எழுவதாகக் காட்டியதில், அந்த ஒரு நாளின் அருமை மறைக்கப்பட்டது. ஆண்டுக் கணக்காக உலர்ந்து கிடந்த கரு நீரை உறிஞ்சி உப்பி, தன் சர்க்கரையைச் செலவிட்டு, நின்றிருந்த உயிர்த் தொழில்களையெல்லாம் தொடங்கி, ஓட்டைப் பிளப்பதற்குத்தான் அந்த ஒரு நாள் தேவைப்படுகிறது. முடி தரித்த குரங்கைக் காட்டிலும் இஃதன்றோ விந்தை! பொய்யாகச் சொன்னது சிறியது. சொல்லாமல் விட்ட மெய்யே பெரியது.

அம்மெய்யை விண்வெளியிலும் சோதித்தனர். 1972இல் அப்போலோ 16, அப்போலோ 17 ஆகிய விண்கலங்களில் இம்முட்டைகள் சந்திரன் வரை சென்று திரும்பின. அண்டக் கதிர்களின் கனத்த துகள்கள் உயிர்க்கருவை எவ்வாறு தாக்குகின்றன என்பதை ஆராய்வதே நோக்கம். 1998 அக்டோபரில், 77 வயதான ஜான் கிளென் மீண்டும் விண்வெளிக்குச் சென்ற டிஸ்கவரி ஓடத்திலும் இவை இடம்பெற்றன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வடாலா, வேதாரணியம் என்னும் பெயர்களைக் கேட்டவுடன் 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம் நம் நினைவுக்கு வரும். அவ்விரு ஊர்களின் உப்பளங்களும் உவர்நீர் இறாலின் இருப்பிடங்களாக அறியப்பட்டவை. பம்பாயில் வடாலா உப்பளங்களில் இவ்வுயிர் வாழ்வதை 1950களில் மீனியல் அறிஞர் எடுத்துரைத்தனர். 1958இல் ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் இது காணப்படும் செய்தி வெளியாயிற்று. குஜராத்தின் உப்பளங்களிலும் உண்டு, தூத்துக்குடியிலும் உண்டு. ஆகவே நம்மவர் பம்பாயில் இருப்பினும், ஜெய்ப்பூரில் இருப்பினும், ஜாம்நகரில் இருப்பினும், அந்தந்த வட்டாரத்து உப்போடு இவ்வுயிரின் கதையும் கலந்தே உள்ளது. கடல் கடந்து வந்த விந்தை என்று நாம் எண்ணும் பொருளின் சுற்றம் நம் உப்பளங்களில் நெடுங்காலமாகக் குடியிருந்து வந்துள்ளது.

தூத்துக்குடி போன்ற இடங்களில் வாழ்ந்து வந்த நம் நாட்டு இனத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. அதில் ஆண் இல்லை என்றே கூறலாம். பெண் இறால் ஆணின் துணையின்றித் தன்னைப் போன்ற பெண் குஞ்சுகளையே ஈனும். அமெரிக்க இனமோ ஆணும் பெண்ணும் கூடிப் பெருகுவது. வளரும் வேகமும் மிக்கது. இறால் பண்ணைகளுக்கும் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் தீவனமாக அமெரிக்க முட்டைகள் உலகெங்கும் விலைக்குச் சென்றன. சென்ற இடங்களில் சில முட்டைகள் உப்பளங்களிலும் புகுந்தன. போர்ச்சுக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளின் உப்பளங்களில் அமெரிக்க இனம் பரவி, அவ்விடத்து இனங்களை இருந்த இடம் தெரியாமற் செய்துவிட்டதை ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். தமிழ்நாட்டு உப்பளங்களிலும் அமெரிக்க இனம் குடிபுகுந்துவிட்டதை நம் நாட்டு மீனியல் ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

வியட்நாம் நாட்டில் வின்சாவ் என்னும் கடற்கரைப் பகுதியில், 1980களில் இதே அமெரிக்க இனத்தைத் திட்டமிட்டு உப்பளங்களில் வளர்த்தனர். மழையில்லாப் பருவத்தில் உப்போடு முட்டையும் விளைவித்து அங்குள்ள உப்பு விவசாயிகள் வருவாய் பெருக்கினர். எனவே அயலினம் என்பதாலேயே அதனைத் தீயதென்று பழித்தல் தகாது. ஆயினும், விளைவை எண்ணி வளர்ப்பது ஒன்று. எண்ணாமல் கொட்டுவது மற்றொன்று. கொட்டிய முட்டையைத் திரும்ப வார இயலாது. குளிர்ந்தாலும் காய்ந்தாலும் சாகாத முட்டை அது. நீர்ப்பறவையின் காலில் ஒட்டியும், வயிற்றில் புகுந்து எச்சத்தோடு வெளியேறியும், காற்றில் பறந்தும் அடுத்த உப்பளத்தை எய்தும்.

அழிவும் மற்றொரு புறம் நடந்து வருகிறது. உர்மியா ஏரி சில பத்தாண்டுகளில் பெரிதும் சுருங்கிவிட்டது. யூட்டாவின் பெரிய உப்பேரியில், ஆறுகளின் நீர் பாசனத்திற்கும் நகரங்களுக்கும் திருப்பப்பட்டதாலும் வறட்சியாலும், 2022 நவம்பரில் நீர்மட்டம் பதிவான வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலையை அடைந்தது. நீர் குறையக் குறைய உப்பு ஏறும். உப்பைத் தாங்கும் இவ்வுயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை உண்டு வாழும் இலட்சக்கணக்கான நீர்ப்பறவைகளுக்கோ வேறு புகலிடம் அரிது. லிமிங்டனில் நிகழ்ந்ததை இங்கே நினைவு கூரலாம். உறங்கும் முட்டை நூறு இடர்களைத் தாங்கலாம். விழிப்பதற்கு நீரே இல்லையெனில் அதன் உறக்கம் சாவாகவே முடியும்.

வீட்டில் இதனை வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை சில உள. ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 30 கிராம் அயோடின் சேராத கல்லுப்புப் போதும். குழாய்நீராயின் ஒரு நாள் திறந்து வைத்துப் பின் பயன்படுத்துவது நலம். இளஞ்சூடும் நல்ல வெளிச்சமும் வேண்டும். பொரித்த குஞ்சுகள் சில வாரங்களில் முழு வளர்ச்சி எய்தும். ஈஸ்ட்டு அல்லது பாசிப் பொடியை நீரில் கரைத்துச் சில துளிகளே இட வேண்டும். அன்பு மிகுதியால் உணவை அள்ளி இட்டால் நீர் கலங்கும், பிராணவாயு குறையும், அனைத்தும் மடியும். குவளையில் நீர் வற்றினால் உப்பு நீரைச் சேர்க்கலாகாது. நன்னீரையே சேர்க்க வேண்டும். நீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு போவதில்லை. உப்பளத்தின் தத்துவம் முழுவதையும் பிள்ளைகள் அக்குவளையிலேயே கற்றுக்கொள்ளலாம். விளக்கைப் பக்கவாட்டில் காட்டினால் அவை ஒளியை நாடித் திரும்புவதையும் காணலாம். வித்தைகள் கற்கும் என்று விளம்பரத்தார் கூறியது இவ்வியல்பையே. வளர்ப்பை நிறுத்த வேண்டிய நாளில், குவளை நீரை ஏரியிலோ உப்பளத்திலோ கடற்கரைக் கழியிலோ மட்டும் கொட்டலாகாது.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று நம் முன்னோர் கூறுவர். இங்கே தண்ணீர் ஊற்றுபவர் நாமே. ஊற்றிய அந்நொடி முதல் அவ்வுயிரின் பொறுப்பும் நம்முடையதே. உறங்கிக் கிடந்தவரை அதற்கு எவர் தயவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, இது குரங்கும் அன்று, நொடியில் பிறப்பதும் அன்று என்று சொல்லிக் கொடுப்போம். ஒரு நாள் காத்திருக்கச் சொல்வோம். அந்த ஒரு நாளுக்குள் உலர்ந்த துகளில் என்ன நிகழ்கிறது என்பதை எடுத்துரைப்போம். மறுநாட்காலையில் வெண்புள்ளி ஒன்று அசையும்போது, அப்பிள்ளை காண்பது வாங்கிய பொம்மையை அன்று, உயிரை.